மடிக்கணினிக்கு ஒரு விசா: பழைய காகிதங்களின் கதை

"சுற்றிப் பார்க்க வந்தீர்களா? வேலை பார்க்க வந்தீர்களா?"

வெளிநாட்டு விமான நிலையத்தில் இமிக்ரேஷன் கவுண்டரில் இருப்பவர் கேட்கும் கேள்வி இது. ஏறக்குறைய நூறு வருடங்களாக இதற்கு இரண்டே பதில்கள்தான். 'சுற்றிப் பார்க்க' என்றால் டூரிஸ்ட் விசா. 'வேலை பார்க்க' என்றால் வொர்க் பெர்மிட். லேப்டாப்பும் இணையமும் பரவிய பிறகு மூன்றாவதாக ஒரு கூட்டம் வரிசையில் வந்து நின்றது. "வேலைதான் பார்க்கப் போகிறேன். ஆனால் அது உங்கள் நாட்டு வேலை இல்லை. சம்பளம் என் ஊரிலிருந்து வரும். உங்கள் ஊரில் செலவு மட்டும்தான்." அவர்கள் சொல்ல வேண்டிய உண்மையான பதில் இதுதான். ஆனால் இதை எழுதுவதற்குப் படிவத்தில் கட்டம் இல்லையே! அதனால் பெரும்பாலோர் "சுற்றிப் பார்க்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்கள்.

அந்தக் கட்டம் வந்தது 2020ல். 'டிஜிட்டல் நாடோடி விசா', 'ரிமோட் வொர்க் விசா' என்று நாட்டுக்கு ஒரு பெயர். பத்திரிகைகள் இதைப் புத்தம் புதிய விஷயமாக எழுதின. உண்மையில் இந்த விசாவுக்கு விண்ணப்பிப்பவர் தயார் செய்யும் ஃபைலைத் திறந்து பார்த்தால், பாஸ்போர்ட், புகைப்படம், பேங்க் ஸ்டேட்மெண்ட், கம்பெனி கடிதம், போலீஸ் சான்றிதழ், அதன் மேல் ஒரு அப்போஸ்டில் முத்திரை, மருத்துவக் காப்பீடு... எல்லாமே பழைய காகிதங்கள். ஒவ்வொன்றும் ஒரு காலத்தில், யாரையோ பார்த்து ஏற்பட்ட ஒரு பயத்தில் பிறந்தது. அந்தக் காகிதங்களின் கதைதான் இந்த விசாவின் கதையும்.

பாஸ்போர்ட்: போர் கொடுத்த புத்தகம்

1914க்கு முன்னால் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பாஸ்போர்ட் இல்லாமலே ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகலாம். ரஷ்யா, துருக்கி போன்ற சில இடங்களில்தான் கெடுபிடி. 1914க்கு முன் இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் பாஸ்போர்ட் இல்லாமலே போய் வந்ததை ஆஸ்திரிய எழுத்தாளர் ஸ்டெஃபான் ஸ்வெய்க் தன் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்திருக்கிறார்.

ஆனால் இந்தச் சுதந்திரம் எல்லோருக்கும் இருந்ததா என்றால், இல்லை. அதே காலத்தில் மொரிஷியஸ் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பல் கப்பலாகப் போனார்கள். 1834ல் தொடங்கிய இந்த ஏற்பாட்டில் நாலரை லட்சத்துக்கும் அதிகமானோர் அந்தத் தீவில் இறங்கினார்கள். சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறிய தமிழர்களும் அதில் உண்டு. ஒப்பந்தக் காலம் முடிந்து அங்கேயே தங்கிவிட்ட கூலிகள் தங்கள் புகைப்படம் ஒட்டிய அடையாளச் சீட்டை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்று 1867ல் அங்கே சட்டம் வந்தது. சீட்டு இல்லாமல் சாலையில் நடந்தால் கைது! ஐரோப்பியப் பயணி புகைப்படம் ஒட்டிய பாஸ்போர்ட்டைக் கண்ணால் காண்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, நம் ஊர்க் கூலி அதைச் சட்டைப் பையில் சுமந்திருக்கிறார்.

முதல் உலகப் போர் வந்ததும் நிலைமை மாறியது. எதிரி நாட்டு ஒற்றன் வந்துவிடுவானோ என்ற பயத்தில் எல்லா நாடுகளும் எல்லையில் காகிதம் கேட்க ஆரம்பித்தன. பிரிட்டன் 1915ல் புகைப்படத்துடன் கூடிய பாஸ்போர்ட்டைக் கொண்டு வந்தது. போர் முடிந்ததும் இதெல்லாம் போய்விடும் என்றுதான் பலரும் நம்பினார்கள். 1920 அக்டோபரில் சர்வதேசச் சங்கத்தின் சார்பில் பாரிஸில் ஒரு மாநாடு கூடியது. அதில் 32 பக்கப் புத்தகமாக ஒரே மாதிரியான பாஸ்போர்ட்டை எல்லோரும் பின்பற்றலாம் என்று முடிவானது. 1926ல் ஜெனீவாவில் மீண்டும் கூடிப் பேசினார்கள். பாஸ்போர்ட்டும் போகவில்லை, அதில் குத்தும் விசாவும் போகவில்லை. இந்தியாவுக்குள் நுழைய பாஸ்போர்ட் கேட்கும் சட்டம் வந்ததும் அதே 1920ல்தான். 2025ல் புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் அமலுக்கு வரும்வரை, நூறு வருடத்துக்கும் மேலாக அந்தச் சட்டம் உயிரோடு இருந்தது.

பேங்க் ஸ்டேட்மெண்ட்: கையில் எவ்வளவு இருக்கிறது?

அடுத்த காகிதம் பணத்தைப் பற்றியது. 1882ல் அமெரிக்கா ஒரு குடியேற்றச் சட்டம் போட்டது. வந்து இறங்கும் ஒவ்வொருவருக்கும் 50 செண்ட் தலைவரி. தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாமல் 'பொதுமக்களுக்குச் சுமையாக' ஆகக்கூடியவர் என்று தோன்றினால் இறங்க அனுமதி இல்லை. யார் சுமை ஆவார் என்பதை முன்கூட்டியே எப்படிச் சொல்வது? கையில் இருக்கும் பணத்தை எண்ணிப் பார்க்க வேண்டியதுதான்! 1909ல் நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் கமிஷனராக இருந்த வில்லியம் வில்லியம்ஸ், போக வேண்டிய ஊருக்கான டிக்கெட் போக, ஒவ்வொருவர் கையிலும் குறைந்தது 25 டாலராவது இருக்க வேண்டும் என்று அறிவித்தார். கப்பலில் வந்த ஏழைகளுக்கு அது பெரிய தொகை.

இன்றைக்கு விசா விண்ணப்பத்தில் ஆறு மாத பேங்க் ஸ்டேட்மெண்ட் கேட்பதும், மருத்துவக் காப்பீடு கேட்பதும் இதே பயத்தின் வாரிசுகள்தான். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குப் போகும் பயணிகள் 30,000 யூரோவுக்குக் குறையாத காப்பீடு எடுக்க வேண்டும் என்ற விதி 2004 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. "நீ நோயில் விழுந்தால் செலவு எங்கள் தலையில் விழக் கூடாது" என்பதுதான் அதன் பொருள்.

கம்பெனி கடிதம்: 1885ல் தடை, இன்று கட்டாயம்

இந்தக் கதையிலேயே சுவாரசியமான காகிதம் இதுதான்.

அமெரிக்கா 1885ல் இன்னொரு சட்டம் போட்டது. வெளிநாட்டில் இருக்கும்போதே வேலை ஒப்பந்தம் போட்டுக்கொண்டு யாரும் அமெரிக்காவுக்கு வரக் கூடாது என்பதுதான் அந்தச் சட்டம். சரியாகத்தான் படித்தீர்கள். வேலை இல்லாமல் வரலாம், வேலையோடு வரக் கூடாது! முதலாளிகள் ஐரோப்பாவிலிருந்து குறைந்த கூலிக்கு ஆட்களை மொத்தமாக இறக்கி உள்ளூர்த் தொழிலாளியின் கூலியையும் வேலைநிறுத்தத்தையும் உடைக்கிறார்கள் என்று தொழிற்சங்கங்கள் கொதித்ததால் வந்த சட்டம் அது. நடிகர்கள், பாடகர்கள், சொற்பொழிவாளர்கள், வீட்டு வேலைக்காரர்கள் என்று சிலருக்கு மட்டும் விதிவிலக்கு.

நியூயார்க்கில் ஒரு தேவாலயம் இங்கிலாந்திலிருந்து ஒரு பாதிரியாரை ஒப்பந்தம் போட்டு வரவழைத்தது. விதிவிலக்குப் பட்டியலில் பாதிரியார் இல்லை. தேவாலயத்தின் மேல் வழக்கு, 1000 டாலர் அபராதம். அது உச்ச நீதிமன்றம் வரை போனது. 1892ல் தீர்ப்பு வந்தது. சட்டம் தடுக்க நினைத்தது உடலுழைப்புக்காக மலிவாக இறக்கப்படும் ஆட்களைத்தான், மூளையால் உழைப்பவர்களை அல்ல என்று சொல்லி நீதிமன்றம் தேவாலயத்தை விடுவித்தது. உழைப்பில் இரண்டு சாதி உண்டு, ஒன்றுக்குக் கதவைச் சாத்தலாம், இன்னொன்றுக்குத் திறக்கலாம் என்பது அன்றே நீதிமன்றத்தின் ஏட்டில் ஏறிவிட்டது.

இப்போது இன்றைய விசாவைப் பாருங்கள். விண்ணப்பத்தோடு வேலை ஒப்பந்தம் இணைக்க வேண்டும். ஆனால் அந்த ஒப்பந்தம் போக இருக்கும் நாட்டுக்கு வெளியே உள்ள கம்பெனியோடு இருக்க வேண்டும். உள்ளூர்க் கம்பெனியில் வேலை பார்க்கக் கூடாது. 1885ல் இருந்த பயமும் 2020ல் இருந்த பயமும் ஒன்றே: உள்ளூர்க்காரன் வேலை பறிபோகக் கூடாது. அன்று அந்தப் பயத்துக்குத் தீர்வாக ஒப்பந்தம் வைத்திருப்பவரைத் திருப்பி அனுப்பினார்கள். இன்று ஒப்பந்தம் இல்லாதவரைத் திருப்பி அனுப்புகிறார்கள். நடுவில் வேலை என்பது இடத்தை விட்டுக் கழன்றுகொண்டதுதான் காரணம். அது எப்போது கழன்றது?

கொழும்பிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கு

1973ல் அமெரிக்காவில் ஜாக் நில்ஸ் என்ற பொறியாளர் ஒரு யோசனையைச் சோதித்துப் பார்த்தார். விண்வெளித் துறையில் வேலை பார்த்தவர் அவர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் சாலை நெரிசல் உலகப் புகழ் பெற்றது. ஊழியர்களை அலுவலகத்துக்கு இழுப்பதை விட, வேலையைத் தொலைபேசிக் கம்பி வழியாக ஊழியர்களிடம் அனுப்பினால் என்ன? ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் இதைச் செய்து பார்த்தார். 'டெலிகம்யூட்டிங்' என்ற சொல்லை உருவாக்கியவரும் அவரே. அதே வருடக் கடைசியில் பெட்ரோல் நெருக்கடி வந்தது, யோசனைக்கு மவுசு கூடியது. ஆனால் நில்ஸ் நினைத்தது வீட்டுக்கும் ஆபீசுக்கும் இடையில் உள்ள சில மைல்களை மட்டுமே. நாட்டு எல்லையைத் தாண்டும் எண்ணம் அதில் இல்லை.

அதைத் தாண்டிக் காட்டியவர் இலங்கையில் இருந்தார். அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தவர். பிரிட்டிஷ்காரர். புத்தகங்கள் லண்டனிலும் நியூயார்க்கிலும் அச்சாகும். எழுதுவது கொழும்பில். லண்டனில் இருந்து செய்யும் தொழிலை பாலித் தீவிலிருந்தோ தாஹிதியிலிருந்தோ செய்யும் காலம் வரும் என்று 1964ல் பிபிசி தொலைக்காட்சியில் சொன்னவர் அவர். 1983ல் தன் '2010' நாவலைப் படமாக எடுத்துக்கொண்டிருந்த இயக்குநர் பீட்டர் ஹயம்ஸோடு அவர் பேச வேண்டியிருந்தது. ஹயம்ஸ் இருந்தது லாஸ் ஏஞ்சல்ஸில். இருவரும் கேப்ரோ கம்ப்யூட்டரும் மோடமும் வைத்துக்கொண்டு, திரைக்கதை பற்றிய கடிதங்களைக் கம்ப்யூட்டர் வழியாகவே பரிமாறிக்கொண்டார்கள். பிறகு அவை புத்தகமாகவும் வந்தன. மின்னஞ்சல் என்ற சொல்லே நம் ஊரில் யாருக்கும் தெரியாத காலம் அது!

இதில் விசா எங்கே வருகிறது என்கிறீர்களா? 1975ல் இலங்கை அரசு கிளார்க்குக்கு 'குடியிருப்பு விருந்தினர்' என்ற தகுதியை அளித்தது. உள்ளூரில் யாருடைய வேலையையும் எடுத்துக்கொள்ளாமல், வெளியில் சம்பாதித்து உள்ளே செலவு செய்யும் ஒருவருக்கு நாட்டில் தங்க ஒரு தனி ஏற்பாடு. 2020ல் உலகமே புதுமை என்று கொண்டாடிய விசாவின் கரு இதிலேயே இருக்கிறது. ஒரே வித்தியாசம், அன்று அதைப் பெற ஆர்தர் சி. கிளார்க் அளவுக்குப் புகழ் வேண்டியிருந்தது.

1997ல் ஹிட்டாச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ட்சுகியோ மகிமோட்டோவும் பத்திரிகையாளர் டேவிட் மேனர்ஸும் சேர்ந்து 'டிஜிட்டல் நோமாட்' என்ற பெயரில் ஒரு புத்தகம் எழுதினார்கள். 'டிஜிட்டல் நாடோடி' என்ற பெயர் பரவியது அதிலிருந்துதான்.

அதே சமயத்தில் சென்னையில் வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. 2000ல் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. அமெரிக்காவில் பகலாக இருக்கும்போது இங்கே இரவில் விழித்திருந்து, அமெரிக்கக் கம்பெனிகளின் வேலையை ஆயிரக்கணக்கானோர் செய்தார்கள். வேலை எல்லை தாண்டி வந்தது, ஆள் எல்லை தாண்டவில்லை. அதனால் விசா தேவைப்படவில்லை. டிஜிட்டல் நாடோடி இதையே தலைகீழாகச் செய்கிறார். வேலை ஊரிலேயே இருக்கிறது, ஆள் எல்லை தாண்டுகிறார். வேலை எல்லை தாண்டினால் எந்த அதிகாரியும் தடுப்பதில்லை, ஆள் தாண்டினால்தான் கேள்வி.

பொய் சொல்லிய இருபது வருடங்கள்

2000களில் வைஃபை பரவியது. 2003ல் ஸ்கைப் வந்து வெளிநாட்டு அழைப்பை இலவசமாக்கியது. தாய்லாந்தின் சியாங் மாய், இந்தோனேசியாவின் பாலி போன்ற இடங்களில் மேற்கத்திய இளைஞர்கள் லேப்டாப்போடு குடியேற ஆரம்பித்தார்கள். லண்டன் சம்பளம், சியாங் மாய் வாடகை. யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் கையில் இருந்தது டூரிஸ்ட் விசா. தங்கும் காலம் முடிந்ததும் பஸ் ஏறிப் பக்கத்து நாட்டு எல்லையைத் தொட்டுவிட்டு அன்றே திரும்புவார்கள். இதற்கு 'விசா ரன்' என்று பெயரே வந்துவிட்டது. சட்டப்படி அவர்கள் செய்தது சரியா? பல நாடுகளின் சட்டத்தில் 'வேலை' என்ற சொல்லுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார் என்ற பேச்சே இல்லை. நாட்டுக்குள் உட்கார்ந்து உழைத்தால் அது வேலைதான். ஹோட்டல் அறையில் ஆபீஸ் மெயிலுக்குப் பதில் எழுதுவதும் அதில் அடங்குமா, அடங்காதா? அதிகாரிக்கும் தெரியாது, பயணிக்கும் தெரியாது. வெள்ளைக்காரப் பயணியிடம் யாரும் துருவிக் கேட்பதில்லை, வண்டி ஓடியது. இந்திய பாஸ்போர்ட்டோடு போகிறவருக்கு இந்தச் சலுகை குறைவு. அவர் கிளம்புவதற்கு முன்பே தூதரகத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாக வேண்டும். பொய் எழுதினால் அது காகிதத்தில் நிற்கும். பிடிபட்டால் அடுத்தடுத்த விசாக்களுக்கும் ஆபத்து.

2020: வாசல் திறந்தது

13 லட்சம் பேர் வாழும் சின்னஞ்சிறு நாடு எஸ்டோனியா. 2014 டிசம்பரில் அது 'இ-ரெசிடென்சி' என்று ஒன்றை ஆரம்பித்தது. உலகின் எந்த மூலையில் இருப்பவரும் எஸ்டோனியாவின் டிஜிட்டல் அடையாள அட்டை வாங்கி அங்கே கம்பெனி பதிவு செய்யலாம். ஆனால் அங்கே போய் வாழ அந்த அட்டை அனுமதிக்காது. அடுத்த கட்டமாக 2020 ஜூனில் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. ஆகஸ்ட் 1 முதல், தொலைவில் இருக்கும் கம்பெனிக்கு வேலை பார்ப்பவர்கள் ஒரு வருடம் வரை தங்க விண்ணப்பிக்கலாம். நிபந்தனை: முந்தைய ஆறு மாதங்களில் மாதம் 3504 யூரோ வருமானம் இருந்திருக்க வேண்டும். பிறகு இது 4500 யூரோ ஆனது.

எஸ்டோனியா இதைச் சில வருடங்களாகவே திட்டமிட்டு வந்தது. மற்ற நாடுகளைத் தள்ளிவிட்டது கொரோனா. 2020ல் உலகம் முழுவதும் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணங்கள் முந்தைய வருடத்தை விட ஏறக்குறைய நூறு கோடி குறைந்தன. சுற்றுலாவை மட்டுமே நம்பியிருந்த தீவுகளின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஹோட்டல்கள் காலி, கடற்கரை காலி. மறுபக்கம் நியூயார்க்கிலும் லண்டனிலும் லட்சக்கணக்கானோர் வீட்டில் அடைந்து கிடந்து லேப்டாப்பில் வேலை பார்த்தார்கள். கரீபியத் தீவான பார்படோஸின் பிரதமர் மியா மோட்லி இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டார். 2020 ஜூலையில் 'வெல்கம் ஸ்டாம்ப்' அறிமுகமானது. 12 மாதம் தங்கலாம். வருடம் 50,000 டாலர் வருமானம் வேண்டும். கட்டணம் ஒருவருக்கு 2000 டாலர், குடும்பத்துக்கு 3000 டாலர். உள்ளூர் வருமான வரி கிடையாது.

அதன் பிறகு பெர்முடா, ஜார்ஜியா, துபாய், ஐஸ்லாந்து, குரோஷியா என்று வரிசை கட்டின. 2022 அக்டோபரில் போர்ச்சுகலும் மலேசியாவும், டிசம்பரில் ஸ்பெயினும் இதைக் கொண்டு வந்தன. 2024ல் தென்கொரியா, ஜப்பான், இத்தாலி, தாய்லாந்து. ஒரு காலத்தில் கூலிகளுக்குப் புகைப்படச் சீட்டு மாட்டிய மொரிஷியஸும் 2020 கடைசியில் 'பிரீமியம் விசா' தந்தது. மாதம் 1500 டாலர் வருமானம் இருந்தால் போதும். பாட்டன் காலத்தில் ஒப்பந்தத்தோடு கரும்பு வெட்டப் போன தீவுக்கு, பேரன் ஒப்பந்தத்தோடு கோடு எழுதப் போகலாம்.

ஃபைல் எங்கே சிக்குகிறது?

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. விண்ணப்பிக்க உட்காரும்போதுதான் சிக்கல் தெரியும்.

முதல் சிக்கல் வருமான எல்லை. போர்ச்சுகல் தன் நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல நான்கு மடங்கு கேட்கிறது. 2025 கணக்கில் அது மாதம் 3480 யூரோ, நம் பணத்தில் மூன்று லட்சம் ரூபாய்க்கு மேல். ஸ்பெயின் இரண்டு மடங்கு கேட்டது. தென்கொரியா தன் தனிநபர் தேசிய வருமானத்தைப் போல இரண்டு மடங்கு கேட்டது. ஜப்பான் வருடம் ஒரு கோடி யென் கேட்டது. அதோடு, எந்தெந்த நாட்டவர் விண்ணப்பிக்கலாம் என்றே ஒரு பட்டியல் போட்டது. 2024ல் ஜப்பான் ஆரம்பித்தபோது அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. அமெரிக்காவில் சாதாரணச் சம்பளக்காரர் தாண்டும் எல்லை, சென்னையில் பத்து வருட அனுபவம் உள்ளவருக்கும் எட்டுவது கஷ்டம். இருவரும் செய்வது ஒரே வேலையாகக்கூட இருக்கலாம்! எல்லிஸ் தீவில் கேட்ட 25 டாலர் வளர்ந்து இங்கே வந்து நிற்கிறது.

இரண்டாவது சிக்கல் வரி. ஒரு மனிதன் இரண்டு நாட்டில் வரி கட்ட வேண்டி வந்தால் என்ன செய்வது என்று 1920களிலேயே சர்வதேசச் சங்கம் யோசித்தது. 1923ல் நான்கு பொருளாதார நிபுணர்கள் அறிக்கை கொடுத்தார்கள், 1928ல் மாதிரி ஒப்பந்தம் உருவானது. இன்றைய இரட்டை வரி ஒப்பந்தங்கள் அந்த வழியில் வந்தவை. அவற்றின் பொதுவான விதி இது: சம்பளத்துக்கு வரி போடும் உரிமை, உடம்பு எங்கே உட்கார்ந்து உழைத்ததோ அந்த நாட்டுக்கு. 183 நாட்களுக்குள் திரும்பிவிட்டால் சில நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. அதைத் தாண்டினால் அந்த நாட்டு வரி அலுவலகம் எட்டிப் பார்க்கும். விசா ஒரு வருடத்துக்குக் கிடைத்துவிட்டது என்பதற்காக வரியும் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. இரண்டும் வேறு வேறு அலுவலகம், வேறு வேறு சட்டம்.

மூன்றாவது சிக்கல் கம்பெனி கடிதம். "இவர் வெளிநாட்டிலிருந்து வேலை பார்க்க எங்களுக்குச் சம்மதம்" என்று ஹெச்.ஆர். எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சம்மதிக்கும் கம்பெனிகூட இங்கே தயங்கும். ஏனென்றால் ஊழியர் ஒரு நாட்டில் நிரந்தரமாக உட்கார்ந்து வேலை பார்த்தால், கம்பெனிக்கே அந்த நாட்டில் ஒரு கிளை இருப்பதாகக் கருதி லாபத்தில் வரி கேட்க வாய்ப்பு உண்டு. தகவல் பாதுகாப்பு, சமூகப் பாதுகாப்புச் சந்தா என்று இன்னும் கவலைகள். வருமானம், சேமிப்பு எல்லாம் இருந்தும் இந்த ஒற்றைக் கடிதத்தில் விண்ணப்பம் நின்றுபோவது உண்டு.

பிறகு போலீஸ் சான்றிதழ். ஸ்பெயின் போன்ற நாடுகள் அதில் அப்போஸ்டில் முத்திரை கேட்கும். 1961ல் ஹேக் நகரில் உருவான ஒப்பந்தத்தின் படி குத்தப்படும் முத்திரை அது. இந்தியாவில் 2005 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு தூதரகமாக ஏறி இறங்கி அத்தாட்சி வாங்கினார்கள். இந்த ஃபைலில் வாழ்க்கையை எளிதாக்கப் பிறந்த ஒரே காகிதம் இதுவாகத்தான் இருக்கும்.

வாசலுக்கு உள்ளே இருப்பவர்கள்

இந்தக் கதையில் இன்னொரு தரப்பும் உண்டு. அந்த ஊர்க்காரர்கள்.

1885ல் அமெரிக்கத் தொழிலாளி பயந்தது கூலி குறைந்துவிடும் என்று. டிஜிட்டல் நாடோடி யாருடைய வேலையையும் எடுப்பதில்லை, அதனால் உள்ளூர்க்காரருக்கு நஷ்டமே இல்லை என்று அரசுகள் கணக்குப் போட்டன. நஷ்டம் வேறு வழியில் வந்தது. வேலையைப் பறிக்காதவர் வீட்டைப் பறித்தார்! நான்கு மடங்கு சம்பளக்காரர் நான்கு மடங்கு வாடகை தருவார் அல்லவா? லிஸ்பனில் வீட்டு வாடகைக்கு எதிராக 2023 ஏப்ரலில் ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். சுற்றுலா, வெளிநாட்டு முதலீடு, குறுகிய கால வாடகை என்று காரணங்கள் பல. டிஜிட்டல் நாடோடிகள் அதில் ஒரு பங்குதான். ஆனால் கண்ணுக்குத் தெரியும் பங்கு. மெக்சிகோ சிட்டியில் ரோமா, கொண்டேசா பகுதிகளில் 2025 ஜூலையில் இதே கோபம் வெடித்தது. வரியும் சேர்ந்துகொள்கிறது. ஸ்பெயினில் இந்த விசாவில் வருபவர் விண்ணப்பித்தால் 24 சதவீதம் என்ற தட்டையான வரியில் சேரலாம். பக்கத்து மேஜையில் அதே சம்பளம் வாங்கும் உள்ளூர்க்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது.

கேள்வி மாறியதா?

2025 ஜனவரி 27 அன்று நியூசிலாந்து புதிய விசா எதையும் உருவாக்காமல், பழைய விசிட்டர் விசாவின் விதியை மட்டும் மாற்றியது. சுற்றிப் பார்க்க வருபவர், வெளிநாட்டுக் கம்பெனிக்கு லேப்டாப்பில் வேலை பார்த்துக்கொள்ளலாம். 90 நாட்களுக்கு மேல் என்றால் வரி விஷயத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். "சுற்றிப் பார்க்கவா, வேலை பார்க்கவா?" என்ற கேள்விக்கு "இரண்டும்" என்று உண்மையைச் சொல்லலாம் என்று ஒரு நாடு எழுதியே கொடுத்துவிட்டது.

இருபது வருடம் பொய் சொல்லி வாழ்ந்த ஒரு கூட்டத்துக்கு உண்மை சொல்ல ஒரு கட்டம் கிடைத்தது. அந்த வகையில் இந்த விசா ஒரு முன்னேற்றம்தான். ஆனால் 1882ல் கேட்ட "கையில் எவ்வளவு?", 1892ல் நீதிமன்றம் பிரித்த "மூளையா, உடம்பா?", 1920ல் உறுதியான "எந்த நாட்டுப் புத்தகம்?" ஆகிய மூன்று கேள்விகளும் அப்படியே இருக்கின்றன. லேப்டாப்பில் வேலை பார்ப்பவர் அந்த மூன்றுக்கும் பதில் வைத்திருந்தால் உலகம் அவருக்குத் திறக்கிறது. அவர் தங்கும் அறையைக் கூட்டிப் பெருக்குபவர் எல்லை தாண்ட நினைத்தால், அவருக்கு இன்றும் பழைய வரிசைதான்.

எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்பதைத் தொழில்நுட்பம் சாத்தியமாக்கிவிட்டது. யார் பார்க்கலாம் என்பதை இன்னும் அந்தப் பழைய காகிதங்கள்தான் முடிவு செய்கின்றன.